முகத்துக்கு எடுப்பான நிறம், உடம்புக்கு ஏற்ற வடிவம்: கைப்பின்னல் ஸ்வெட்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையால் பின்னும் ஸ்வெட்டர், சால்வை, குல்லாவுக்கு நிறமும் வடிவமும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளும் பதில்களும் இங்கே. ஊசி பிடிக்கத் தெரிந்தவர்களுக்கும், நூலைக் கொடுத்துப் பின்னித் தரச் சொல்பவர்களுக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

நம்ம ஊர் வெயிலுக்கு ஸ்வெட்டர் எதற்குங்க?

மார்கழியில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு வண்டி எடுத்துப் போகிறவர்களைக் கேளுங்கள். கோவையில் அந்த நேரம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் ஆளையே தள்ளும். வால்பாறை எஸ்டேட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது.

ஆனால் நமக்குத் தேவைப்படுவது குளிர் நாட்டுக்காரர்கள் போடும் தடித்த கம்பளி இல்லை. காலை ஆறு மணிக்குப் போட்டு ஒன்பது மணிக்குக் கழற்றுகிற மாதிரி மெல்லியதாக, முன்னால் திறப்பதாக இருந்தால் போதும். கழற்றி மாட்டுகிற துணி என்பதால், முகத்துக்குப் பொருந்துவதோடு உள்ளே உடுத்தியிருக்கும் சேலை, சுடிதார், சட்டை எல்லாவற்றோடும் நிறம் சேர வேண்டும். கீழே வரும் பல பதில்களுக்கு அதுதான் காரணம்.

நான் கருப்பு. லைட் கலர்தான் எனக்கு எடுப்பாக இருக்கும் என்கிறார்கள். நிஜமா?

நிஜமில்லை. இந்த ஒன்றை மட்டும் எத்தனை தடவை சொன்னாலும் எனக்குச் சலிக்காது. நூல் கடையில் நின்றுகொண்டு "நிறத்தைத் தூக்கிக் காட்டுகிற கலர் கொடுங்க" என்று கேட்கிறோம். வெளுப்பாகத் தெரிய வேண்டும் என்ற எண்ணத்தில்தான் அப்படிக் கேட்கிறோம். அந்த எண்ணத்தோடு எடுக்கும் நூல் பெரும்பாலும் தவறாகவே முடிகிறது. உங்கள் தோல் இருக்கிறபடியே இருக்கட்டும். முகம் தெளிவாகத் தெரிய வேண்டும், கண் பளிச்சென்று இருக்க வேண்டும். ஒரு நிறத்திடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது அவ்வளவுதான்.

கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கும்போது இதை நாமே சரியாகச் செய்கிறோம். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, வாடாமல்லி, எம்.எஸ். நீலம், ராமர் பச்சை என்று முழு நிறமாகப் பார்த்து எடுக்கிறோம். கருப்பான பெண்ணுக்கும் மாநிறப் பெண்ணுக்கும் அவை எவ்வளவு அழகாக இருக்கின்றன! ஸ்வெட்டர் என்றதும் மட்டும் ஏன் கிரீமுக்கும் வெளிறிய பிங்குக்கும் போய் நிற்கிறோம்?

ஆழ்ந்த தோல் நிறம் உள்ளவர்களுக்குச் சாதகமில்லாதது வெளிர் நிறம் இல்லை, மங்கல் நிறம். தும்பைப்பூ வெள்ளையும் எலுமிச்சை மஞ்சளும் கருப்பு முகத்துக்கு அருமையாக இருக்கும். தோலின் நிறத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற அழுக்குப் பழுப்பு, சாம்பல் கலந்த பிங்க், காய்ந்த மண் கலர் போன்றவைதான் முகத்தை வாட வைக்கும். அதுவும் அக்ரிலிக் நூலில் மேலே பஞ்சு எழும்பியிருப்பதால், மங்கல் நிறம் இன்னும் மங்கலாகத் தெரியும்.

சரி, எனக்கு எது பொருந்தும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நூல் வாங்குவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். பீரோவில் இருக்கும் சேலை, துப்பட்டா, ரவிக்கைத் துணி என்று எட்டுப் பத்து நிறத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் முகம் கழுவி, பவுடர் போடாமல், வாசலில் நேர் வெயில் படாத வெளிச்சத்தில் கண்ணாடி முன் உட்காருங்கள். ஒவ்வொரு துணியாகத் தாடைக்குக் கீழே, கழுத்தை ஒட்டிப் பிடியுங்கள். துணியைப் பார்க்காதீர்கள். கண்ணுக்குக் கீழே, மூக்கின் ஓரம், வாயோரம் ஆகிய மூன்று இடங்களை மட்டும் பாருங்கள். பொருந்தாத நிறம் அங்கே இருக்கும் நிழலை இன்னும் கருக்கும். பொருந்துகிற நிறத்தில் அந்த நிழல் லேசாகிவிடும், பார்வை நேராகக் கண்ணுக்குப் போகும்.

இரண்டு துணிகளை மாற்றி மாற்றிப் பிடித்தால் வித்தியாசம் உடனே தெரியும். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தால் கண் பழகிவிடும், எல்லாமே நன்றாக இருப்பது போலத் தோன்றும். பக்கத்தில் அக்காவையோ மகளையோ வைத்துக்கொள்வது நல்லது. நம் முகத்தை நாம் சரியாகப் பார்ப்பதில்லை.

கை நரம்பு பச்சையா நீலமா என்று பார்த்து அண்டர்டோன் (தோலின் அடிச்சாயல்) சொல்கிறார்களே?

வெளுத்த தோலில் ஓரளவுக்கு உதவும். மாநிறத்திலும் கருப்பிலும் நரம்பின் நிறம் சரியாகத் தெரியாது, ஆளுக்கொன்று சொல்வார்கள். வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று ஆட்களை நான்கு பருவங்களாகப் பிரிக்கும் மேல்நாட்டு முறையும் அப்படித்தான். கருத்த முடி, கருத்த கண் என்றாலே பெரும்பாலும் குளிர்காலத்தில் சேர்த்துவிடுவார்கள். அப்படிப் பார்த்தால் நம் ஊரே ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடும். துணியைக் கழுத்தில் பிடித்துப் பார்ப்பதே நம்பகமானது.

கடையில் பார்த்தபோது அருமையான பச்சை. வீட்டுக்கு வந்தால் வேறு பச்சை. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. வெளிச்சம் மாறியது, நிறமும் மாறித் தெரிகிறது. திருப்பூரில் சாயப்பட்டறையிலோ ஏற்றுமதி பனியன் கம்பெனியிலோ வேலை பார்த்தவர் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், லைட் பாக்ஸ் பற்றிச் சொல்வார். சிறிய அலமாரி மாதிரி இருக்கும். பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு (டி65), கடை வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு (டிஎல்84), வீட்டுக் குண்டு பல்புக்கு ஒரு விளக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு, ஆர்டர் கொடுத்தவர் அனுப்பிய மாதிரி நிறமும் சாயமேற்றிய துணியும் ஒத்துப் போகின்றனவா என்று பார்ப்பார்கள். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணிகள் இன்னொரு விளக்கில் தனித்தனியாகத் தெரிவது சகஜம். வெவ்வேறு சாயங்களைக் கலந்து ஒரே நிறத்தைக் கொண்டுவந்திருந்தால் அப்படி ஆகும்.

அந்தப் பெட்டி நம்மிடம் இல்லை, ஆனால் கடை வாசல் இருக்கிறது. நூல் பந்தை வெளியே எடுத்துப் போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் விடுவார்கள். முடிந்தால் பகலிலேயே போங்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எந்த நேரத்தில் போடப்போகிறீர்களோ அந்த வெளிச்சத்திலும் பார்க்க வேண்டும். விடியற்காலை நடைப்பயிற்சிக்குப் பின்னும் ஸ்வெட்டருக்கு வாசல் வெளிச்சம், மாலை வரவேற்புக்குப் பின்னும் சால்வைக்கு மண்டப விளக்கு.

பந்தாக இருக்கும்போது நன்றாக இருந்த நிறம், பின்னிய பிறகு எடுபடவில்லை. ஏன்?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பின்னலின் மேடு பள்ளம். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சின்ன நிழல் விழுகிறது, அதனால் பின்னிய துணி பந்தைவிடக் கொஞ்சம் ஆழ்ந்து தெரியும். கேபிள் (கயிறு முறுக்கியது போன்ற பின்னல்), முட்டைப் பின்னல் போன்றவற்றில் இன்னும் கூடுதல். கருநீலத்திலும் கருப்பிலும் கேபிள் போட்டால் உங்கள் உழைப்பு யார் கண்ணுக்கும் தெரியாது. அந்த மாதிரி டிசைனுக்குச் சந்தனம், வெங்காயத்தோல், இளம்பச்சை போல நடுத்தரமான அல்லது வெளிரான நிறம் எடுங்கள். அடர்நிறம்தான் வேண்டும் என்றால் சாதாப் பின்னலே போதும், நிறம் பேசிக்கொள்ளும்.

இரண்டாவது காரணம், பக்கத்து நிறம். பாரிசில் கோப்லான் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் செவ்ரல் என்ற வேதியியலாளர். அங்கே கருப்பு நூலில் கருமை போதவில்லை என்று புகார் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தபோது சாயத்தில் குறையில்லை, அந்தக் கருப்பைச் சுற்றி நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் அதை வெளிறச் செய்தன என்று தெரிந்தது. 1839இல் இதை விரிவாக எழுதினார். உங்கள் சிவப்பு மங்கினால் நூலைக் குறை சொல்வதற்கு முன், அதன் பக்கத்தில் ஆரஞ்சு வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அதே சிவப்பைப் பச்சையின் பக்கத்தில் வைத்தால் எழுந்து நிற்கும்.

பொருந்தாத நிறத்தில் நூல் வாங்கிவிட்டேன். என்ன செய்யலாம்?

முகத்துக்குப் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பட்டையையும் முன்பக்க பட்டன் பட்டையையும் உங்களுக்குப் பொருந்தும் நிறத்தில் நான்கு விரல் அகலத்துக்குப் பின்னிவிட்டால், உடம்புப் பகுதி எந்த நிறமாக இருந்தாலும் பெரிதாக உறுத்தாது. கழுத்தை இறக்கி 'வி' வடிவில் வைத்து, உள்ளே நல்ல நிறச் சட்டை போடுவது இன்னொரு வழி.

திருப்பூர் கோன் நூலில் (பனியன் கம்பெனிகளுக்குக் கூம்பில் சுற்றி வரும் நூல்) ஸ்வெட்டர் பின்னலாமா?

தாராளமாக. நம் ஊரில் பின்னுகிறவர்களுக்குக் கிடைத்த பெரிய வசதி அது, பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு. பனியனுக்கு வரும் பருத்தி நூல் மிக மெல்லியது. 20ஆம் நம்பர் நூல் ஒரு கிராமுக்குச் சுமார் 34 மீட்டர் ஓடும். கைப்பின்னலுக்கு ஒரு டஜன் இழையாவது சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். இழைகள் முறுக்கில்லாமல் ஓடுவதால் ஊசி நடுவில் குத்தும், முதலில் பொறுமை வேண்டும். முறுக்கிக் கொடுக்கிற ஆள் கிடைத்தால் வேலை பாதி முடிந்தது.

இதில் இருக்கும் அழகு என்னவென்றால், நிறத்தை நீங்களே உண்டாக்கலாம். எட்டு இழை அரக்கும் நான்கு இழை கடுகு மஞ்சளும் சேர்த்துப் பின்னுங்கள். கிட்டத்தில் பார்த்தால் இரண்டு நிறமும் தனித்தனியாகத் தெரியும், நான்கடி தள்ளி நின்றால் சூடான செங்கல் நிறமாகக் கலந்துவிடும். நீலத்தோடு கொஞ்சம் வாடாமல்லி சேர்த்தால் நாவல்பழம். எந்தக் கடையிலும் அந்த நிறம் கிடைக்காது. முகத்துக்கு அரக்கு கொஞ்சம் கடுமையாக இருக்கிறது என்றால் மஞ்சள் இழையைக் கூட்டுங்கள், சரியாகிவிடும். ஒரு சாண் சதுரம் பின்னிக் கழுத்தில் பிடித்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

பட்டை போட்டால் குண்டாகத் தெரியுமா?

குறுக்குப் பட்டை குண்டாகக் காட்டும் என்பது பலரும் சோதித்துப் பார்க்காமல் சொல்வது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் காட்டியிருக்கிறார். ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்களில் ஒன்றைக் குறுக்குக் கோடுகளாலும் இன்னொன்றை நெடுக்குக் கோடுகளாலும் நிரப்பினால், குறுக்குக் கோடு போட்டதுதான் உயரமாகத் தெரியும்.

மெல்லிய, நெருக்கமான பட்டைகளுக்குத்தான் இது பொருந்தும். பவானி ஜமக்காளத்தில் வருவது போல உள்ளங்கை அகலத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று அடித்தால் கதை வேறு. கூடத்தில் விரித்த ஜமக்காளத்துக்கு அது கம்பீரம். உடம்பில், ஒவ்வொரு பட்டை முடியும் இடத்திலும் பார்வை நிற்கும். எனவே அகலப் பட்டை மார்பிலோ வயிற்றிலோ முடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோள் பக்கம் ஒன்று, கை மணிக்கட்டில் ஒன்று என்று வைத்தால் நன்றாக இருக்கும்.

இரண்டு நிறத்தில் பூ டிசைன் போட்டேன், பூவே தெரியவில்லை.

இரண்டு நூலையும் பக்கத்தில் வைத்துப் போனில் படம் எடுத்து, கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் டிசைன் எடுபடாது. சிவப்பும் பச்சையும் நேருக்கு நேர் மாறான நிறங்கள் என்று நம்பி எடுத்து ஏமாறுவது இங்கேதான். நிறம் வேறாக இருந்தாலும் அடர்த்தி ஒன்றாக இருந்துவிடுகிறது.

சேலைக்கு மேல் போட எந்த மாதிரி பின்னுவது?

இங்கே பெரும்பாலானவர்களுக்குத் தேவை இதுதான், பத்திரிகைகளில் வரும் பேட்டர்ன்களில் இருக்காததும் இதுதான். அவை பேண்ட், ஸ்கர்ட்டுக்காக எழுதியவை.

நீளத்திலிருந்து தொடங்குவோம். சேலைக்கு இடுப்பில் ஏற்கனவே கொசுவம், மடிப்பு என்று ஐந்தாறு சுற்றுத் துணி இருக்கிறது. அதன் மேல் ஸ்வெட்டர் இறங்கி உட்கார்ந்தால் இடுப்பு உப்பிக்கொள்ளும், கொசுவத்தின் அழகும் போய்விடும். கொசுவம் செருகும் இடத்துக்கு இரண்டு மூன்று விரல் கீழே முடித்துவிடுங்கள். கீழ்ப்பட்டையை இறுக்கமான ரிப்பாக (வரிவரியாக இழுபடும் பின்னல்) போடாதீர்கள், அது துணியைச் சுருட்டி மேலே ஏறும்.

அடுத்தது தோள். இடது தோளில் முந்தானை மடிப்பு இருக்கிறது. சட்டை மாதிரி தோளில் கச்சிதமாக வெட்டிய கை அந்தப் பக்கம் இழுத்துப் பிடிக்கும். கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக இறங்கும் ராக்லான் கை, அல்லது தோளைத் தாண்டி விழும் தளர்ந்த கை வசதியானது. கையின் நீளம் முழங்கைக்குக் கீழே முக்கால் கை. வளையல் தெரியும், அடுப்படியில் மடக்கிவிட வேண்டியதில்லை. கழுத்து 'வி' வடிவில் ஆழமாக இருக்கட்டும், தாலிக்கொடியும் ரவிக்கைக் கழுத்தும் அடைபடாமல் இருக்கும்.

நிறத்துக்கு ஒரு சேலையை எடுத்து அதற்கு ஜோடி தேடாதீர்கள். பீரோவைத் திறந்து, அடிக்கடி கட்டும் சேலைகளின் பார்டரை மட்டும் பாருங்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் நிறம் ஒன்று நிச்சயம் இருக்கும். அரக்கோ பாட்டில் பச்சையோ கருநீலமோ. கழுத்துச் சோதனையில் அது தேறினால் அதையே எடுங்கள். பத்துச் சேலைக்கு ஒரே ஸ்வெட்டர் போதும்.

அகன்ற தோள், குட்டைக் கழுத்து, பெரிய மார்பு. எது நல்லது?

அகன்ற தோளுக்கு ராக்லான். சாய்ந்து ஒடுங்கிய தோளுக்கு, தோளிலேயே பொருத்திய கை. குட்டைக் கழுத்துக்கு 'வி' கழுத்து. நீண்ட கழுத்துக்கு வட்டக் கழுத்தோ மடித்த காலரோ நன்றாக இருக்கும். பெரிய மார்புக்கு நெஞ்சில் கேபிள் வேண்டாம், அது துணியைத் தடிப்பாக்கும். ஸ்வெட்டரின் கீழ் விளிம்பு உடம்பின் அகலமான இடத்தில் முடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு சாண் மேலே அல்லது ஒரு சாண் கீழே.

அளவு எடுத்துத்தான் பின்னினேன், இறுக்கமாகிவிட்டது.

மாதிரிச் சதுரம் பின்னிப் பார்த்திருக்க மாட்டீர்கள். கணக்கைப் பாருங்கள். மார்புச் சுற்றளவு 90 செ.மீ., தளர்வுக்கு 10 செ.மீ. சேர்த்து 100 செ.மீ. பேட்டர்ன்படி 10 செ.மீ.க்கு 20 கண்ணி, ஆக 200 கண்ணி. உங்கள் கை கொஞ்சம் இறுக்கம், 10 செ.மீ.க்கு 22 கண்ணி விழுகிறது. அதே 200 கண்ணி உங்கள் கையில் 91 செ.மீ.தான் வரும். விட்ட தளர்வெல்லாம் போய்விட்டது. ஒரு அளவு தடித்த ஊசி எடுத்து மறுபடி சதுரம் பின்னிப் பாருங்கள்.

சதுரத்தைத் துவைத்துக் காய வைத்த பிறகு அளக்க வேண்டும். பருத்தி தண்ணீர் பட்டால் சுருங்கும், போடப் போட அதன் எடையாலேயே கீழே இறங்கும். பருத்தி ஸ்வெட்டரைக் கொடியில் தொங்கவிடாதீர்கள், பாயில் விரித்துக் காய வையுங்கள். அக்ரிலிக்கை இஸ்திரி போட்டால் துவண்டு போகும், திரும்ப எழாது.

அப்புச்சிக்கு, அப்பாவுக்கு என்ன பின்னலாம்?

கையில்லாத, முன்னால் பட்டன் வைத்த ஸ்வெட்டர். தலைவழியாக மாட்டுவது வயதானவர்களுக்குச் சிரமம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டைக்கு எந்த நிறமும் சேரும் என்பதால், சாம்பலிலேயே நிற்காமல் பாட்டில் பச்சை, அரக்கு, காப்பிக்கொட்டை நிறம் என்று துணிந்து எடுங்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு ராத்திரியில் நடக்கிறவராக இருந்தால் மட்டும் அடர்நிறம் வேண்டாம். ரோட்டோரம் இருட்டில் நடப்பவருக்கு வெள்ளையோ பளிச்சென்ற மஞ்சளோதான் பாதுகாப்பு.

முடி நரைத்த பிறகு பழைய நிறங்கள் பொருந்தவில்லையே?

முகத்தைச் சுற்றி இருந்த கருப்பு போய் வெள்ளி வந்திருக்கிறது, எனவே கழுத்துச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். கடுகு மஞ்சளும் பழுப்பும் சிலருக்கு வெளிறித் தெரியத் தொடங்கும். மயில்கழுத்து, மாதுளைச் சிவப்பு, ஊதா எல்லாம் நரைக்கு அத்தனை அழகு. வயதானால் சாந்தமான நிறம்தான் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கைக்குழந்தைக்கு?

பெண்ணுக்குப் பிங்க், பையனுக்கு நீலம் என்று கட்டிக்கொள்ள வேண்டாம். எலுமிச்சை, கிளிப்பச்சை, தக்காளிச் சிவப்பு எல்லாமே குழந்தைக்கு அழகுதான். நிறத்தைவிட மற்றவைதான் முக்கியம். கழுத்தில் கட்டும் கயிறு வேண்டாம். பட்டன் பின்னால் வந்தால் படுக்கும்போது குத்தும், தோளில் வையுங்கள், இழுத்துப் பார்த்து உறுதியாகத் தையுங்கள். முடி முடியாக உதிரும் நூல் வாய்க்குள் போகும். மென்மையான பருத்திதான் நம் சீதோஷ்ணத்துக்குச் சரி. குல்லாவைத் தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.

அடர் சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்துப் பின்னினால் சாயம் ஏறுமா?

ஏறலாம். பின்னுவதற்கு முன் ஒரு முழம் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்துங்கள். கறை பட்டால் அந்த நூலை மட்டும் தனியாகப் பல தண்ணீரில் அலசுங்கள், தண்ணீர் தெளியும் வரை. உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் நின்றுவிடும் என்பார்கள். பருத்தியில் சாயம் ஏற்றும்போதுதான் உப்புக்கு வேலை. ஏறி முடிந்த பிறகு ஒட்டாமல் நிற்கும் மிச்சச் சாயம் கழுவித்தான் போக வேண்டும்.

நூல் எவ்வளவு வாங்குவது?

பெரியவர்களுக்கு முழுக்கை ஸ்வெட்டர் என்றால், நடுத்தரக் கனமுள்ள நூலில் 400 முதல் 600 கிராம் வரை ஆகும். கேபிள் டிசைனுக்கும் பருத்திக்கும் இன்னும் கொஞ்சம் கூட. மொத்தத்தையும் ஒரே லாட் நம்பரில், அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய நூலாக, வாங்குங்கள். சுற்றியிருக்கும் லேபிளில் ஷேடு நம்பருக்குப் பக்கத்தில் லாட் நம்பர் இருக்கும். ஷேடு ஒன்றாக இருந்தாலும் லாட் மாறினால் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கோடு விழுந்த மாதிரி தெரியும். ஒரு பந்து கூடுதலாக வாங்கிவிடுங்கள், மிஞ்சினால் குல்லாவுக்கு ஆகும்.